அப்பாவிடம் நான் நீட்டாத தாள்

மெழுகு உருகும்போது முதலில் வருவது இனிப்பான வாசனை. அடுப்பிலிருந்து இறக்க மறந்துவிட்டாலோ தொண்டையைக் கரகரக்க வைக்கும் புகை. பினாங்கில் நான் படித்த பெண்கள் இடைநிலைப்பள்ளியின் ஓவிய அறையில், புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, பாத்தேக் துணியில் கோடிழுப்பதற்காக மின்சார அடுப்பில் மெழுகுச் சட்டியை ஏற்றுவார்கள். அதே நேரத்தில் அதற்கு நேர்மேலே, முதல் மாடி ஆய்வுக்கூடத்தில், ஸ்பிரிட் விளக்குகளைப் பற்றவைப்பார்கள். இரண்டு வாசனையும் மாடிப்படியின் திருப்பத்தில் கலந்து நிற்கும். அந்தத் திருப்பத்தில்தான் யோகேஸ்வரியும் நானும் வாரம் ஒருமுறை எதிரெதிரே வந்து கடந்துபோனோம். அவள் ஏறுவாள், நான் இறங்குவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அறிவியல் வகுப்பு மாணவி நான். கலைப்பிரிவு மாணவி அவள். நான் ஓவியக் கழகத்துக்கு இறங்குகிறேன், அவள் அறிவியல் கழகத்துக்கு ஏறுகிறாள். பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். வழி எங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தப்பு நடந்தது வேறோர் இடத்தில், அதைச் செய்தவள் நான். நான் அப்படியொன்றும் நல்லவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்துபோக வேண்டாம்.

அந்நாளில் பதினைந்து வயதில் எழுதும் மூன்றாம் படிவத் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் “சயின்ஸ் கிளாஸ்”, மற்றவர்கள் “ஆர்ட்ஸ் கிளாஸ்”. உனக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பௌதிகமும் ஓவியமும் அட்டவணையில் ஒரே நேரத்தில் வரும். ஆகவே சயின்ஸ் கிளாஸ் பிள்ளை ஓவியத்தைப் பாடமாக எடுக்க முடியாது, ஆர்ட்ஸ் கிளாஸ் பிள்ளை ஆய்வுக்கூடத்தின் கதவைத் தொடவும் முடியாது. மிச்சம் இருந்தது கழகங்கள்தாம். “கோகோ” என்று சுருக்கிச் சொல்லும் புறப்பாட நடவடிக்கை புதன்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் நடக்கும். அதில் மட்டும் யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் சேரலாம்.

யோகேஸ்வரி தமிழ்ப்பள்ளி முதல் வகுப்பிலிருந்து என் பக்கத்து நாற்காலி. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிர் பிளாக்கில் குடியிருந்தாள். பத்து வயதில் ஜாம் போத்தலில் கொசுப்புழுக்களை வளர்த்து, எத்தனையாவது நாளில் சிறகு முளைக்கிறது என்று எழுதிவைத்தவள் அவள். ஒருநாள் மூடியைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். மறுநாள் அவள் அம்மா போட்ட சத்தம் எங்கள் பிளாக் வரைக்கும் கேட்டது. “வீட்லயே டெங்கி ஃபேக்டரி வச்சிருக்கா இவ!” என்று அவர் சொல்லிச் சொல்லித் திட்டியதை நாங்கள் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு அந்தப் புழு வளர்வதில் அக்கறை இல்லை. அது தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும்போது உடம்பு வளைகிற வளைவைத்தான் என் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன்.

முடிவு வந்தபோது எனக்கு அறிவியலில் ஏ, கணிதத்திலும் ஏ. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கும் தெரியாது, மனப்பாடம் எனக்குக் கைவந்த கலை. அவளுக்கு அறிவியலில் ஏ, கணிதம் காலை வாரிவிட்டது. சயின்ஸ் கிளாஸ் பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நாற்காலிகள் முப்பத்தாறு. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, காத்திருப்போர் என்று எழுதி, முதல் பெயராக அவள் பெயர். அந்தக் கோட்டின் மேல் அவள் விரலை வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வகுப்புப் பொறுப்பாசிரியை மிஸ் டான் கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் இருவரும் போய் நின்றதும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். ஒருத்தி இறங்கினால் ஒருத்தி ஏறலாம், பஸ்ஸில் இடம் பிடிப்பது மாதிரிதான் என்றார். வகுப்பு மாறுவதற்கான “போராங்” என்ற விண்ணப்பத் தாளை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்து, பெற்றோர் கையெழுத்தோடு வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் சேர்ந்து வரவேண்டும், ஒன்று வந்து ஒன்று வராவிட்டால் இரண்டையும் குப்பையில்தான் போடுவேன் என்றார். வெளியே வந்ததும் யோகேஸ்வரி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “ஏய், பாத்தியா, எவ்ளோ ஈஸி லா! நீ படம் வரை, நான் தவளைய அறுக்கறேன்.” அன்று சாயந்திரமே அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

என் போராங் என் பையிலேயே இருந்தது.

அப்பா அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். காலை ஷிஃப்ட்டுக்கு விடியும்போதே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அதிகம் பேசமாட்டார். ஆனால் என் பெயர் பட்டியலில் வந்த செய்தியை மட்டும் அந்த பஸ்ஸில் ஓட்டுநர் தொடங்கிக் கடைசி இருக்கை வரைக்கும் சொல்லிவிட்டார் என்று அம்மா சிரித்தார். பட்டியல் வந்த அந்த வார இறுதியிலேயே அப்பா எனக்கு ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கிவந்தார். அதன் பின்பக்கத்தில் என் பெயரைச் சின்னச் சின்ன எழுத்தாகத் தொழிற்சாலைக் கருவியால் தானே பொறித்திருந்தார். “நல்லா படிம்மா. என்னைய மாதிரி மெசின் கெட்டுப்போனா ஓடுற ஆளா இல்லாம, மெசின எப்பிடி செய்யணும்னு சொல்ற ஆளா வா” என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்கு அதிசயம்.

இந்தக் கால்குலேட்டரைக் காட்டித்தான் பல வருடம் நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவின் மனம் நோகும் என்பதால்தான் போராங்கை நீட்டவில்லை என்று. அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. சயின்ஸ் கிளாஸ் என்ற பெயர் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. கோயிலில் முன்பின் தெரியாத அம்மாக்கள்கூட என்னைக் கைகாட்டி, “இந்தப் புள்ளதான் சயின்ஸ் கிளாஸாம்” என்றார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளைக் கோட்டு தைக்க அளவெடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மாடி வராந்தாவில் நிற்க ஆசையாக இருந்தது. ஓவியம் பிடிக்கும்தான், ஆனால் “அவளும் ஆர்ட்ஸ் கிளாஸுக்கு இறங்கிட்டாளாம்” என்ற பேச்சு பிடிக்காது. பதினாறு வயதில் ஊர் வாய்க்கு அவ்வளவு பயம். என் ஆசையை விட்டுக்கொடுத்தால் அது என் பாடு. ஆனால் அந்த நாற்காலி அவளுக்கு வரவேண்டியது என்று தெரிந்தே நான் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

புதன்கிழமை மண்டபத்தில் கழகங்களுக்குப் பெயர் பதியும் நாள். மேசை மேசையாகத் தாள் வைத்திருந்தார்கள். யோகேஸ்வரி வரிசையில் என் முன்னால் நின்று திரும்பி, “அங்கிள் சைன் போட்டாரா?” என்று கேட்டாள். இதோ இன்று, இதோ நாளை என்று மூன்று நாளாக இழுத்தடித்திருந்தேன். அன்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

“அப்பா போடமாட்டேங்கிறாரு யோகேஸ். ரொம்பக் கேட்டுப் பாத்துட்டேன்.”

அவள் முகம் ஒரு நிமிடம் தொங்கிப்போயிற்று. பிறகு, நம்புங்கள், அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். “பரவால்ல லா. நீ என்ன பண்ணுவ? அப்பாகிட்ட சண்டை போடாத.” நேராக அறிவியல் கழக மேசைக்குப் போய்ப் பெயர் எழுதினாள். என்னையும் இழுத்துக்கொண்டுபோய் ஓவியக் கழகத்தில் எழுதவைத்தாள். “இதாவது கெடச்சுதே. வாரத்துல ரெண்டு மணி நேரம் நீ நீயா இரு, நான் நானா இருக்கேன்” என்று சிரித்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. போராங்கை நான் பள்ளிக் கழிவறையில் கிழித்துப் போட்டேன்.

வெள்ளைக் கோட்டு தைத்துவந்தது. முதல் நாள் மட்டும் அழகாக இருந்தது. உயிரியல் வகுப்பில் செம்பருத்தியை நெடுக அறுத்து வரையச் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வகுப்பில் எனக்கு உற்சாகம் வந்தது. இதழின் மடிப்பில் நிழல் கொடுத்து, மகரந்தத் தூளைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒரு மணி நேரம் கழுத்து வலிக்க வரைந்தேன். ஆசிரியை அதன் குறுக்கே சிவப்பு மையால் அடித்து, உயிரியல் படத்தில் நிழல் கூடாது, ஒற்றைக் கோடுதான், இது என்ன வாழ்த்து அட்டையா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. இத்தனை வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அன்றும் இருந்திருந்தால் மேசைக்கடியில் என் காலை மிதித்து, “விடு லா” என்றிருப்பாள். முப்பத்தைந்து பேர் நடுவே அப்படி ஒரு தனிமையை நான் அதுவரை அறிந்ததில்லை. இடைவேளையில் மற்றவர்கள் டியூஷன் பற்றிப் பேசுவார்கள். நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

புதன்கிழமை மட்டும் கை உயிர்பெறும். ஓவியக் கழகத்தில் மொத்தமே ஏழு பேர். ரோஸ்னா டீச்சர் எங்களை அவரவர் போக்கில் விட்டுவிட்டு ரேடியோ கேட்பார். மூக்குவைத்த சின்னச் செம்புக் கிண்ணத்தில் மெழுகை அள்ளி, துணியில் கோடு நிற்காமல் இழுக்கவேண்டும்; கை ஒரு நொடி தயங்கினால் சொட்டு விழும். எனக்குச் சொட்டே விழாது. மேலே ஆய்வுக்கூடத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தமும், எதையோ வெடிக்கவைத்துவிட்டுக் கூச்சல் போடும் சத்தமும் கேட்கும். அந்தக் கூச்சலில் யோகேஸ்வரியின் குரல் தனியாகத் தெரியும். அதைக் கேட்கும்போதெல்லாம் என் கை தானாக நின்றுவிடும், அப்போது மட்டும் சொட்டு விழும்.

நாலரைக்கு பஸ் நிறுத்தத்தில் அவள் எனக்காகக் காத்திருப்பாள். அன்று என்ன செய்தார்கள் என்பதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள்: முட்டையைப் போத்தலுக்குள் இறக்கினார்களாம், வெங்காயத் தோலில் செல்லைக் கண்டார்களாம். ஆனால் கழகத்துக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு பழைய நுண்ணோக்கிதான். சயின்ஸ் கிளாஸ் பிள்ளைகள் பார்த்து முடித்தபிறகுதான் அவள் முறை வருமாம். “ஒரு நிமிசம்தான் பாத்தேன். ஆனா பாத்துட்டேன்ல” என்பாள். வகுப்பில் எங்கள் மேசைக்கு ஒரு புது நுண்ணோக்கி இருந்தது. அதை நான் தொட்டதுகூடக் குறைவு. அவளுடைய இந்தச் சந்தோஷத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் ஒருநாளாவது அழுதிருந்தால், என் அப்பாவைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதனால் தாமதம் செய்ய ஆரம்பித்தேன். தூரிகை கழுவவேண்டும், சட்டியைச் சுரண்டவேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லி அவளை முதல் பஸ்ஸில் அனுப்பிவிடுவேன். முதலில் இரண்டு பஸ் விட்டுக் காத்திருந்தாள். பிறகு ஒரு பஸ். அப்புறம் கைகாட்டிவிட்டுப் போய்விட்டாள். மாடிப்படித் திருப்பத்தில் பார்க்கும்போது சிரிப்போம், அவ்வளவுதான். அவளை நான்தான் விலக்கினேன். விலக்கிவிட்டு, யாருமே இல்லையே என்று நானே மூலையில் உட்கார்ந்து அழுதேன். என்ன பிறவி நான்!

வருடங்கள் ஓடிவிட்டன. அப்பா சொன்னபடியே, இயந்திரத்தை எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்கிற ஆளாகப் பாயான் லெப்பாஸுக்கே வேலைக்குப் போனேன். கூட்டங்களில் குறிப்பேட்டின் ஓரத்தில் கிறுக்குவதோடு என் ஓவியம் நின்றுவிட்டது. யோகேஸ்வரி புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளர்; நன்றாகத்தான் இருக்கிறாள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம். என்னைக் கட்டிப்பிடிப்பாள், என் மகளின் கன்னத்தைக் கிள்ளுவாள். ஆனால் இரண்டடி தள்ளி நிற்கும் அப்பாவைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அப்பாவும் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டுக் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பார். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் தெரிந்துகொண்டே நின்றேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் நான்காம் படிவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுத்தாள். சயின்ஸ் கிளாஸ், ஆர்ட்ஸ் கிளாஸ் என்ற பிரிவெல்லாம் இப்போது இல்லை. சுவரில் பட்டியல் இல்லை, கோட்டுக்குக் கீழே பெயர் இல்லை, கையில் எடுத்துப்போக ஒரு தாளும் இல்லை. அவள் கைப்பேசியில் பௌதிகத்தையும் ஓவியத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிட்டு, “மா, முடிஞ்சிருச்சு” என்று ரொட்டியைக் கடித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போனபிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, “அப்பல்லாம் போராங் குடுத்து சைன் வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க, இல்லம்மா?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“அந்தப் புள்ள யோகேஸ்வரி வந்து கேட்டுச்சே. ஒரு வியாழக்கிழமை. கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்குறேன், யூனிபாமோட நிக்குது. ‘அங்கிள், ப்ளீஸ் அங்கிள், அவளுக்கு சைன் போட்டுக் குடுங்க, அவளுக்குப் படம்னா உசுரு’ன்னு அழுவுது. தனக்கு சீட்டு வேணும்னு ஒரு வார்த்த சொல்லல.”

“நீங்க என்னப்பா சொன்னீங்க?”

“என்ன போராங்குன்னே எனக்குத் தெரியாது. ஆனா நீ என் பேரச் சொல்லியிருக்கன்னு புரிஞ்சுது. இல்லன்னு சொன்னா அது உன்ன என்ன நெனைக்கும்? அதான், ‘ஆமாம்மா, நான்தான் வேணாம்னுட்டேன், போ’ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.”

என் மகள் கைப்பேசியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்காக என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன்.

“நானா கேட்டா, அப்பா மனசு கஷ்டப்படுமேன்னு ‘வேணாம்ப்பா’ன்னு சொல்லியிருப்ப. நீயா வரட்டும்னு இருந்தேன். மறுநா வெள்ளிக்கெழம, பஸ்ஸக்கூட விட்டுட்டு, பேனாவ சட்டைப்பையில வச்சிக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருந்தேன். நீ சப்பாத்து மாட்டிக்கிட்டு ‘போய்ட்டு வரேன்ப்பா’ன்னு போய்ட்ட. சரி, புள்ளைக்கு சயின்ஸ்தான் புடிச்சிருக்கு போலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

“கேட்டிருந்தா போட்டிருப்பீங்களா?”

“திட்டியிருப்பேன்” என்றார். காப்பியை ஒரு வாய் குடித்தார். “திட்டிட்டுப் போட்டிருப்பேன்.”

அழுதேன், வெட்கமில்லாமல், மகள் பார்க்கப் பார்க்க அழுதேன். பிறகு முகத்தைக்கூடக் கழுவாமல் யோகேஸ்வரியை அழைத்தேன். தைப்பூசம் அல்லாத நாளில் நான் அவளை அழைத்தது அதுவே முதல்முறை. யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிக்கொண்டுதான் எடுத்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை, அவர் அன்று சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், அந்த நாற்காலியை உனக்குத் தராதது நான்தான் என்றேன்.

“அங்கிள் பக்கத்துல இருக்காரா?” என்றாள். “ஃபோன அவர்கிட்ட குடு.”

கொடுத்தேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், நடுவில் இரண்டு தடவை சிரித்தார், ஒரு தடவை கண்ணைத் துடைத்தமாதிரி இருந்தது. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன், எப்படியும் முடிவில் ஃபோன் என் கைக்கு வரும் என்று. அவர் திரும்பி வந்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

“என்னப்பா சொன்னா?”

“இத்தன வருசமா மூஞ்சி குடுத்துப் பேசலையே, மன்னிச்சிடுங்க அங்கிள்னு அழுவுது. அடுத்த ஞாயிறு என்னையப் பாக்க வருதாம்.”

“என்னைப் பத்தி?”

அப்பா ஃபோனை என் கையில் வைத்தார். “ஒண்ணும் கேக்கலம்மா” என்றார்.